பழைய அம்பாசடருக்கு புது சைலன்சரா? பைப்பில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

தாத்தா ஓட்டிய அம்பாசடர் ஷெட்டில் தூங்குகிறது. அதைத் தட்டி எழுப்பி, பெயின்ட் அடித்து, சீட் மாற்றி ரோட்டுக்குக் கொண்டு வரணும்... இப்படி ஓர் ஆசை இன்று நிறைய பேருக்கு இருக்கிறது. 2014-ல் உற்பத்தியே நின்றுபோன கார் என்பதால், மவுசும் குறையவில்லை. கூடவே ரீல்ஸில் கேட்ட அந்த 'கர்ர்ர்' சவுண்டும் ஆசையைக் கிளப்பும். "சைலன்சர்தானே... மாத்திடலாம் ப்ரோ" என்று யாராவது ஏத்திவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்க. பழைய காரில் எக்ஸாஸ்ட் என்பது வெறும் சவுண்டு விஷயம் இல்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் முதலில் லீக்கை அடைக்கணும், அடுத்து அசல் நிலைக்குக் கொண்டுவரணும், கடைசியில்தான் மாடிஃபிகேஷன். இந்த வரிசை மாறினால் காசும் போகும், காரும் கெடும்.

நாலு சிலிண்டர், மூணு வாசல்

பழைய பெட்ரோல் அம்பாசடரில் இருப்பது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் இன்ஜின், 1,489 சிசி. இதில் சிலிண்டர்கள் நான்கு. ஆனால், புகை வெளியேறும் வாசல்கள் மூன்றுதான். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொள்ளும். அதனால் வேறு காருக்குச் செய்த 'ஹெட்டர்' பைப்பை வாங்கி இதில் மாட்ட முடியாது. பின்னாளில் வந்த 1.8 இசுஸு பெட்ரோல் இன்ஜினின் அமைப்பும் வேறு. எனவே, உங்கள் காரில் எந்த இன்ஜின் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாசல்களில் இருந்து வரும் புகையை வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் ஒன்றுசேர்க்கும். அங்கிருந்து டவுன்பைப், சைலன்சர், டெயில் பைப் என்று பின்னால் போகும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், பைப்பும் ரப்பர் ஹேங்கரில்தான் தொங்க வேண்டும். ரப்பர் அறுந்துபோச்சு என்று கம்பி வைத்து இறுக்கிக் கட்டினால், அந்த ஆட்டம் முழுவதும் மேனிஃபோல்ட்டில் போய் விரிசல் விழும்.

முதல் வேலை: லீக்

அம்பாசடரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வருவதற்கு முந்தைய மாடல்களில் கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியேறும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜனைவிட வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி வருவதுபோன்ற உணர்வு, தூக்கம்... பலரும் இதை 'டிராவல் டயர்டு' என்று நினைத்துவிடுவார்கள். தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையான பழைய காரில் டவுன்பைப் லீக் ஆனால், அந்தப் புகை நேராக கேபினுக்குள்தான் வரும்.

கண்டுபிடிப்பது எப்படி? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். கையுறை போட்ட ஒருவர் ஈரத்துணியால் டெயில் பைப் வாயை ஓரிரு விநாடிகள் பொத்திப் பிடிக்கட்டும். லீக் இருக்கும் ஜாயின்ட்டில் இருந்து 'உஸ்' சத்தம் கேட்கும். இன்ஜினை நிறுத்தி, காரை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தியபிறகு கீழே பாருங்கள். கரும்புகை படிந்த கோடு தெரிந்தால் லீக் அங்கேதான். வெறும் ஜாக்கை நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் வேண்டாம்.

தரைத் தகடு ஓட்டைகளையும் டிக்கி கதவின் ரப்பர் பீடிங்கையும் சரிசெய்துவிடுங்கள். ஸ்டைலுக்காக டெயில் பைப்பை பாடிக்கு அடியிலேயே வெட்டிவிடுவது ஆபத்து. புகை பம்பரைத் தாண்டி வெளியே போகணும்.

'வாரம் ஒரு ஸ்டார்ட்' என்ற தப்பு

"ஓட்டலைன்னாலும் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைப்போம்" என்பவரா நீங்கள்? சைலன்சர் உள்ளிருந்தே அரித்துப்போக இதுவும் ஒரு காரணம். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உருவாகும். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டால் சைலன்சர் சூடாகாது; நீராவி தண்ணீராக உள்ளேயே தங்கிவிடும். ஸ்டார்ட் செய்தால், இன்ஜின் முழுச் சூடாகும் வரை அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வாங்க. காலையில் டெயில் பைப்பில் நாலு சொட்டுத் தண்ணீர் வருவது நார்மல்தான், பயப்பட வேண்டாம்.

கழற்றும்போது...

பல வருடம் சூட்டில் வெந்த நட்டுகளை ஒரே மூச்சில் திருகினால், ஸ்டட் முறிந்துவிடும். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை விட்டு ஊறவையுங்கள். மேனிஃபோல்ட் கோணியிருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன் செய்யணும். கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும். திரும்ப மாட்டும்போது பித்தளை நட்டு போட்டால், அடுத்த முறை சுலபமாகக் கழற்றலாம். ரெண்டு மூணு தடவை இன்ஜின் சூடாகி ஆறியபிறகு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

சரி, எதை மாற்றலாம்?

*பைப் மெட்டீரியல்:* சாதா ஸ்டீல் விலை குறைவு, சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீண்ட நாள் உழைக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது நல்ல சாய்ஸ். வெளியே பார்த்தால் வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது.

*பைப் அளவு:* 'பெருசா போட்டா பவர் கூடும்' என்பது பாதி உண்மைதான். இந்தச் சின்ன இன்ஜினுக்கு ரொம்பப் பெரிய பைப் போட்டால் புகையின் வேகம் குறையும். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போகும். அசல் பைப்பை அளந்து, அதே அளவில் செய்வதுதான் பாதுகாப்பு. வளைவில் பைப் நசுங்காமல் வளைத்துத் தரும் பட்டறையாகப் பாருங்கள்.

*சைலன்சர்:* அறைகளுக்குள் புகையைச் சுற்றவிட்டுச் சத்தத்தைக் குறைப்பது பழைய வகை. துளையிட்ட நேர்பைப்பைச் சுற்றி கிளாஸ் வுல் அடைத்தது இன்னொரு வகை. இரண்டாவதில் சத்தம் கூடும். ஹைவேயில் காருக்குள் 'பூம்ம்ம்' என்று ஒரே இரைச்சல் கேட்டு, ஒரு மணி நேரத்தில் வெறுத்துப்போகும்.

*கார்புரேட்டர்:* புகை வழி லேசானால் காற்று - பெட்ரோல் விகிதமும் மாறலாம். டியூன் செய்யாமல் விட்டால் இன்ஜின் அதிகமாகச் சூடாகும். எக்ஸாஸ்ட்டை மாற்றினால் டியூனிங்கும் சேர்த்துத்தான் பட்ஜெட்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு வாகனத்துக்கும் சைலன்சர் கட்டாயம். சத்தம், புகை விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதங்களுக்குப் போகும். 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ ஆபீஸில் காரைப் பரிசோதிப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

50 வயதைத் தாண்டிய கார் என்றால், 2021-ல் வந்த விதிப்படி 'VA' வரிசையில் வின்டேஜ் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். ஆனால், கார் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. தினசரி ஆபீஸ் போய்வரவும் ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் அனுமதி.

கடைசியாக ஒரு டிப்ஸ்

கழற்றிய அசல் மேனிஃபோல்ட்டையும் பிராக்கெட்டுகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து, எண்ணெய் தடவி, கோணியில் சுற்றி பரணில் வையுங்கள். புதிய பைப்பையும் பாடியில் வெல்டு வைக்காமல், கிளாம்ப் போட்டு மாட்டச் சொல்லுங்கள். நாளைக்கு மனசு மாறினாலும், காரை விற்க நினைத்தாலும், வின்டேஜ் பதிவுக்குப் போனாலும் ஒரே நாளில் பழையபடி மாட்டிவிடலாம்.