மாத்திரை கொடுத்தாங்க, சொல்லிக் கொடுத்தாங்களா?

காலையில ஒரு மாத்திரை போடுறீங்க. கொஞ்ச நேரத்துல பாத்ரூம் போனா சிறுநீர் செக்கச்செவேல்னு இருக்கு. இப்படி ஆகும்னு யாருமே உங்ககிட்ட சொல்லல. அடுத்த மாச மாத்திரையை வாங்கப் போவீங்களா?

1980-கள்ல வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் தொழுநோய்க்கு மருந்து எடுத்தவங்க முன்னாடி நின்ன கேள்வி இது. அன்னிக்கு இதெல்லாம் வட ஆற்காடு மாவட்டம். நாட்டுலயே தொழுநோய் அதிகமா இருந்த இடங்கள்ல ஒண்ணு. காட்பாடி பக்கத்துல கரிகிரியில 1955-ல தொழுநோய்க்குன்னே ஒரு ஆராய்ச்சி மையம் வந்ததும் சும்மா இல்ல.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1940-கள் வரைக்கும் இதுக்கு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஊசி. வலி நிச்சயம், பலன் சந்தேகம். வேலூர் சி.எம்.சி.க்குத் தலைமை வகித்த ராபர்ட் காக்ரேன், 1946 வாக்குல செங்கல்பட்டுல டாப்சோனை ஊசியாப் போட ஆரம்பிச்சார். பிறகு அது மலிவான மாத்திரையாச்சு. ஆனா வருஷக்கணக்கா, சிலர் ஆயுசு முழுக்க சாப்பிடணும். கிருமியும் பழகிக்கிச்சு. அதனால 1981-ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு கூட்டு மருந்து முறையைச் சொன்னது. நோய் முத்தினவங்களுக்கு மூணு மருந்து: டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமைன்.

சிறுநீரைச் சிவப்பாக்குறது ரிஃபாம்பிசின். ஒரு ஆபத்தும் இல்ல, ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும்.

குளோஃபாசிமைன் கதை வேற. அது அடிப்படையில ஒரு சாயம். 1950-கள்ல டப்ளின்ல காசநோய்க்காக உருவாக்கினது. சாப்பிடச் சாப்பிட தோல் செம்பழுப்பாகி, கறுத்துடும். மாத்திரையை நிறுத்தினாலும் நிறம் திரும்ப மாசக்கணக்காகும், சிலருக்கு வருஷமும் ஆகும். நோயை வெளிய சொல்லாம ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போற ஒரு பொண்ணை நினைச்சுப் பாருங்க. உடம்புக்கு ஆபத்தில்லாத மாற்றம்தான், ஆனா அக்கம்பக்கத்துக்கு அவளைக் காட்டிக் கொடுத்துடுமே! நிறத்துக்காகவே இந்த மருந்தை மறுத்தவங்க உண்டு. அவங்களுக்கு என்ன மாற்று மருந்து தரலாம்னு உலக சுகாதார நிறுவனமே 1998 அறிக்கையில எழுத வேண்டியிருந்தது.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம் இந்த அளவுக்குக் கண்ணுல படாது. டாப்சோன் சிலருக்கு மட்டும் ஒத்துக்காது. முதல் ரெண்டு மாசத்துக்குள்ள ஜுரம், உடம்பெல்லாம் தடிப்பு, மஞ்சள் காமாலை. ‘ஏதோ ஜுரம்’னு மாத்திரையைத் தொடர்ந்தா உயிரே போகலாம். உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஆனா இன்னொரு ஜுரமும் இருக்கு. சிகிச்சை நடக்கும்போதே உடம்போட எதிர்ப்பு சக்தி கிருமிகள் மேல பாய்ஞ்சு, நரம்பு வீங்கும், முடிச்சு முடிச்சா வரும், சிலருக்கு ஜுரமும் அடிக்கும். ‘மாத்திரை போடாத வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்’னு யாருக்கும் தோணும். மாத்திரையாலதான் வந்துச்சுன்னு அதை நிறுத்திட்டு வீட்டுல இருந்துட்டா, ஸ்டீராய்டு கிடைக்காம கை மடங்கிப் போகும், பாதம் தொங்கிப் போகும். தையல் மெஷின்ல உட்கார்றவங்களுக்கு அதோட பிழைப்பு முடிஞ்சுது.

அதாவது ஒரு ஜுரத்துக்கு மாத்திரையை நிறுத்தியே ஆகணும். இன்னொரு ஜுரத்துக்கு நிறுத்தவே கூடாது. இதை ஒரு கூலித் தொழிலாளிக்கு யார், எப்போ, எப்படிப் புரிய வெச்சாங்க?

பெரும்பாலும் டாக்டர் இல்ல. அரசுத் திட்டத்துல இதுக்குன்னே களப்பணியாளர்கள் இருந்தாங்க. கண்டறிதல், கற்பித்தல், சிகிச்சை: இந்த மூணுதான் அவங்க வேலைன்னு திட்டத்தோட பேரே சொல்லும். ‘கற்பித்தல்’ நடுவுல இருக்கு, கவனிங்க. மாசத்துக்கு ஒரு தடவை போடுற மருந்தை அவங்க கண்ணெதிர்லயே முழுங்கணும். நோயாளியோட முகத்தைப் பார்த்து ‘போன மாசம் எப்படி இருந்துச்சு?’ன்னு கேக்குற வாய்ப்பு அங்கதான். அந்த முறையோட பாதி பலமே இந்தச் சந்திப்புதான்னு எனக்குத் தோணுது.

2005 கடைசியில, பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழ வந்தாச்சுன்னு இந்தியா அறிவிச்சுது. அதுக்கு முன்னாடியே தொழுநோய் சிகிச்சை பொது சுகாதாரத் துறையோட சேர்ந்துடுச்சு. இப்போ ஆரம்ப சுகாதார நிலையத்துல, சுகர், பிரஷர் க்யூவுக்கு நடுவுல, 28 நாளைக்கான அட்டை இலவசமா கைக்கு வருது. உலகத்துல வருஷா வருஷம் புதுசா கண்டுபிடிக்கப்படுற தொழுநோயாளிகள்ல பாதிக்கு மேல இன்னும் இந்தியாவுலதான் இருக்காங்க. அந்த அட்டையைக் கொடுக்குற நர்ஸுக்குப் பின்னாடி முப்பது பேர் நிக்கிறாங்க. ரெண்டு ஜுரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல அவங்களுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வேணும்.