பாரிமுனையிலிருந்து தாம்பரம் போன கல்லூரி

1967-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தேன். திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் பாரிமுனை. பிறகு பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம். "நம்ம பாரிமுனையில இருந்த காலேஜுக்கு இவ்வளவு தூரம் போகணுமாடா?" என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அவர் சொன்னது சரிதான். 1837-இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிதான் பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. நூறாண்டுகள் ஜார்ஜ் டவுனிலேயே இருந்தது. ஐகோர்ட்டுக்கு எதிரே ஆண்டர்சன் சர்ச் இன்றும் நிற்கிறது. கடைத்தெருவின் நெரிசலில் கல்லூரி வளர இடமில்லை. 1931-இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதால், தாம்பரம் எட்டும் தூரமாயிற்று. 1937-இல் கல்லூரி அங்கே குடிபெயர்ந்தது.

கிடைத்த இடம் சேலையூர்க் காடு. களா, காரை, சூரை மண்டிய முட்புதர்க் காடு. அதை மொட்டையடித்துவிட்டுக் கட்டடம் எழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சுவிட்சர்லாந்துக்காரரான ஹென்றி ஷெட்டி வடிவமைத்த வகுப்பறைகளும் விடுதிகளும் தள்ளித் தள்ளி அமைந்தன. இடையில் காடு காடாகவே இருந்தது.

வளாகத்தில் மரம் வளர்த்ததில் பெரும்பங்கு எட்வர்ட் பார்ன்ஸுக்கு உண்டு. அவர் பாடம் நடத்தியது ரசாயனம். மனம் முழுக்கத் தாவரங்களில். மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பை இனங்களை ஆராய்ந்தவர். மனைவி ஆலிஸும் அவரோடு சேர்ந்து மரம் நட்டார். 1941-இல் பார்ன்ஸ் இறந்துவிட்டார். அவர் நட்ட கன்றுகளின் முழு நிழலை அவர் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம். கேட்டைத் தாண்டியதுமே வெயில் தணிந்துவிடும். புள்ளிமான்கள் குறுக்கே ஓடும். 365 ஏக்கர் வளாகம் இன்றும் பச்சையாகத்தான் இருக்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? படித்து முடித்து எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். வாசலில் நாங்கள் சிலர் சேர்ந்து புங்கங்கன்றுகள் நட்டோம். இருபது வருஷத்தில் ஷிப்ட் முடிந்து வருபவர்கள் உட்கார நல்ல நிழல் கிடைத்தது. பிறகு, லாரி திரும்ப இடம் போதவில்லை என்று வாசலை அகலப்படுத்த வரைபடம் வந்தது. அதில் மரங்களைக் குறிக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள்.

அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். மூன்று வருஷம் பார்ன்ஸின் நிழலில் நடந்தவன், "மரம் எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் தெருவுக்கும் ஒருநாள் அப்படியொரு வரைபடம் வரும். நீங்களாவது கேளுங்கள்.