அனுமதி கேட்கும் செலவு: அலோகா முதல் ஐந்தாம் தலைமுறை வரை

மண்ணுக்குள் பதித்த ஒரு தண்ணீர் மீட்டர் நாளுக்கு ஒருமுறை தன் அளவைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது சில பத்து பைட்டுகள்தான். ஆனால் நான்காம் தலைமுறையான எல்டிஇ வலையமைப்பின் தொடக்ககால விதிப்படி, அது முதலில் ஒரு குறியை அனுப்பிக் கோபுரத்தைக் கூப்பிட வேண்டும். கோபுரம் பதில் தந்தபின் தான் யார் என்று சொல்ல வேண்டும். அந்த அடையாளத்தைக் கோபுரம் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த நான்கு பரிமாற்றங்களுக்குப் பிறகும் இணைப்பு அமைத்தல், பாதுகாப்புச் சரிபார்ப்பு என்று வேலை நீளும். சொல்ல வந்த சேதியைவிட அதற்கு அனுமதி கேட்கும் பேச்சு பெரிதாகிவிடுகிறது.

கோபுரத்திலிருந்து கருவிக்கு வரும் திசையில் இந்தச் சிக்கல் இல்லை. யாருக்கு என்ன அனுப்ப வேண்டும் என்பது கோபுரத்தின் கையிலேயே வரிசையாக இருக்கிறது. எதிர்த்திசையில், எந்தக் கருவியிடம் எப்போது சேதி இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. இந்த அறியாமையைப் பொறியாளர்கள் எதிர்கொண்ட வரலாற்றைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது: பேச்சுக்காக எடுத்த ஒரு முடிவு, பல ஆண்டுகள் தரவின் தலையிலும் சுமத்தப்பட்டது. அண்மைக்கால முன்னேற்றங்களில் பெரும்பாலானவை அந்தச் சுமையை இறக்கும் முயற்சிகளே.

தொடக்கம் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில். நார்மன் ஆப்ராம்சனும் குழுவினரும் 1971 ஜூனில் இயக்கத்துக்குக் கொண்டுவந்த அலோகா வலையமைப்பு, தொலைவிலிருந்த முனையங்களை வானொலி வழியே மையக் கணினியோடு இணைத்தது. கணினி பேச ஒரு அலைவரிசை, முனையங்கள் பேச வேறொன்று. முதலாவதில் பேசுபவர் ஒருவரே என்பதால் குழப்பமில்லை. இரண்டாவதில் ஆப்ராம்சன் துணிச்சலான ஒன்றைச் செய்தார். முறை வைக்கவில்லை, அனுமதி கேட்கச் சொல்லவில்லை. சேதி இருந்தால் உடனே அனுப்பு. பெற்றதாகப் பதில் வராவிட்டால் மோதல் நடந்ததென்று கொண்டு, சிறிது நேரம் விட்டு மீண்டும் அனுப்பு. அவ்வளவுதான் விதி.

விசைப்பலகை முன் அமர்ந்திருப்பவர் பெரும்பாலான நேரம் யோசித்துக்கொண்டிருப்பார் என்பதே இதன் பின்னுள்ள கணிப்பு. அவருக்கென்று தனி வழியை ஒதுக்கினால் அது வெறுமனே கிடக்கும். 1970-இல் வெளியான கட்டுரையில் ஆப்ராம்சன் கணக்கும் போட்டுக் காட்டினார்: ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு ஒரு பொதி, பொதிக்கு 34 மில்லிவினாடி என்றால், ஒரே அலைவரிசையில் 324 பேர் இயங்கலாம். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஒரு பொதி பிழைக்க வேண்டுமானால், அது தொடங்குவதற்கு ஒரு பொதி நேரம் முன்பிருந்து அது முடியும்வரை வேறு யாரும் பேசத் தொடங்கக் கூடாது. ஆகவே வழியின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 விழுக்காடுதான் பயன்பட்டது. 1972-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் நேரத்தைச் சம கூறுகளாக வெட்டி, கூறின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று திருத்தினார். ஆபத்து நேரம் பாதியானது, பயன் 36.8 விழுக்காடாக உயர்ந்தது. அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் மோதல் பெருகும், மறுமுயற்சி பெருகும், பயன் குறையும்.

பிறர் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசும் முறையை லெனார்ட் கிளைன்ராக்கும் டொபாகியும் 1975-இல் ஆராய்ந்தனர். ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாத பரந்த நிலப்பரப்பில் அது உதவாது.

இரண்டாம் தலைமுறையான ஜிஎஸ்எம் 1991-இல் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தபோது, ராபர்ட்ஸின் முறையை ஒரே ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டது: அனுமதி கேட்க. கைபேசியின் முதல் அழைப்பில் இருந்த தகவல் 8 பிட் மட்டும். எதற்காக அழைக்கிறது என்ற குறிப்பும், தற்செயலாகத் தேர்ந்த ஓர் எண்ணும் அதற்குள் அடக்கம். கோபுரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கைபேசிக்கு அப்போது தெரியாது. குறி தாமதமாகப் போய்ச் சேர்ந்து அடுத்தவரின் நேரத்தில் விழாதிருக்க, 156.25 பிட் நேரத்தில் 68.25 பிட் நேரத்தை மௌனமாக விட்டார்கள். மூன்று நிமிடம் பேசப்போகும் ஒருவருக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை. பேச்சுக்கு இது மிகச் சரியான முடிவு.

ஸ்மார்ட்போன் வந்ததும் கணக்கு மாறியது. செயலிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறு சேதி அனுப்பும். மின்கலத்தைக் காக்கக் கைபேசி உடனே இணைப்பைத் துண்டிக்கும், அடுத்த சேதிக்கு மீண்டும் வாசலில் நிற்கும். மூன்றாம் தலைமுறை வலையமைப்புகளைத் திணறடித்தவற்றுள் இந்தக் கட்டுப்பாட்டுச் சேதிகளின் வெள்ளமும் ஒன்று.

மனிதரே இல்லாத கருவிகள் வந்தபோது சிக்கல் இன்னும் கூர்மையடைந்தது. தர நிர்ணயக் கூட்டமைப்பான 3ஜிபிபி 2011-இல் ஒரு சோதனை நிலையை வரையறுத்தது: ஒரு கோபுரத்தின்கீழ் 30,000 கருவிகள், 10 வினாடிக்குள் எல்லாமே விழித்தெழுகின்றன. மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும் கணத்தை நினைத்துக்கொள்ளலாம். போட்டிக்குக் கிடைப்பவை 54 குறிகள். 5 மில்லிவினாடிக்கு ஒரு வாய்ப்பு. வினாடிக்கு 10,800 இடங்கள். ராபர்ட்ஸின் 36.8 விழுக்காட்டை இதில் பொருத்தினால் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 கருவிகளே உள்ளே நுழைய முடியும். அந்தச் சோதனையில் வகுத்த பரவலின்படி உச்ச நேரத்தில் வந்து சேர்பவை வினாடிக்கு 6,000-க்கும் மேல். நாற்பதாண்டு பழைய வரம்பு அப்படியே குறுக்கே நின்றது.

முதலில் கண்ட தீர்வு, அவசரமில்லாத கருவிகளை வாசலிலேயே தடுத்து வைப்பது. இதைத் திறன் மேம்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை, அது பங்கீடு. உண்மையான திருப்பம் 2016-இல் முடிவான, 3ஜிபிபி தரவிதிகளின் 13-ஆம் வெளியீட்டில் தொடங்கியது. 180 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இயங்கும் என்பி-ஐஓடி முறையில், சிறு தரவைக் கட்டுப்பாட்டுச் சேதியோடு சேர்த்தே அனுப்ப வழி பிறந்தது. 15-ஆம் வெளியீடு இன்னும் முன்னே போய், நான்கு பரிமாற்றங்களில் மூன்றாவதிலேயே 1,000 பிட் வரை ஏற்ற அனுமதித்தது. நம் தண்ணீர் மீட்டருக்கு அதுவே தாராளம். 16-ஆம் வெளியீடு ஐந்தாம் தலைமுறையில் நான்கு பரிமாற்றங்களை இரண்டாகச் சுருக்கியது: குறியும் சேதியும் ஒன்றாகப் போகும், பதில் ஒன்றாக வரும். 17-ஆம் வெளியீட்டில், இணைப்பு உறங்கும் நிலையிலேயே சிறு தரவை அனுப்பலாம் என்றானது. ஆப்ராம்சனின் விதிக்கு எவ்வளவு அருகே வந்துவிட்டோம்!

இதற்கு இணையாக, வாங்கும் முனையிலும் ஒரு வரலாறு நடந்தது. செயற்கைக்கோள் தொடர்புக்காக காசினி, டி கௌடென்சி, ஹெரேரோ ஆகியோர் 2007-இல் சொன்ன யோசனை எளிது. ஒவ்வொரு பொதியையும் இரு வேறு நேரக்கூறுகளில் அனுப்பு. ஒரு நகல் மோதாமல் வந்துவிட்டால், அதைப் படித்து, மோதிய இடத்திலிருந்து அதன் இரட்டையைக் கழித்துவிடு. அடியில் சிக்கியிருந்த இன்னொருவரின் பொதி வெளிப்படும். அதன் இரட்டையையும் கழி. அதுவரை குப்பையாக எறியப்பட்ட மோதல் இங்கே தகவலாகிறது. 2011-இல் லிவா, நகல்களின் எண்ணிக்கையைப் பொதிக்குப் பொதி மாற்றினால் கோட்பாட்டளவில் 90 விழுக்காட்டையும் தாண்டலாம் என்று காட்டினார். கூடுதல் நகலுக்கு மீட்டரின் மின்கலம் செலவாகும் என்பது மெய்தான். கழிக்கும் பாடு முழுவதையும் தடையில்லா மின்சாரம் உள்ள முனை ஏற்கிறது.

தீராமல் நிற்பது தொலைவுச் சிக்கல். முன்கூட்டியே ஒதுக்கிய நேரத்தில் உறக்கத்திலிருந்தே பேச 17-ஆம் வெளியீடு விடுகிறது என்றாலும், தொலைவுக்கேற்பக் கருவி செய்துகொண்ட நேரத் திருத்தம் காலாவதியாகாமல் இருந்தால்தான் அது செல்லும். மண்ணுக்குள் அசையாதிருக்கும் மீட்டருக்கு இது எளிது. மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் கழுத்துப் பட்டையிலுள்ள கருவி இடம் மாறிக்கொண்டே இருக்கும். திருத்தம் பொய்த்ததும் அது மீண்டும் முதல் குறியிலிருந்தே தொடங்க வேண்டும். ஜிஎஸ்எம் 68.25 பிட் மௌனத்தால் சமாளித்த அதே கேள்வி அங்கே இன்றும் காத்திருக்கிறது.