கன உலோக மாசும் ஓசூர்ப் பகுதிக் காட்டுயிர்களும்

ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், பாதரசம் போன்றவை மண்ணிலும் நீரிலும் இயல்பை மீறிச் சேர்வதே கன உலோக மாசு. சாக்கடைக் கழிவு காலப்போக்கில் மட்கும். உலோகம் சேர்மம் மாறும், இடம் மாறும், அழியாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்புக்கு இது இரு வழிகளில் வரக்கூடும். ஒன்று, உள்ளூர்த் தொழில்: ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாகன உதிரிபாகத் தொழில் பெருகியுள்ளது. முலாம் பூசுதல், சாயம் அடித்தல், பழைய பேட்டரி உருக்குதல் ஆகியவற்றின் கழிவில் பொதுவாக இவ்வுலோகங்களில் சில இருக்கும். மற்றொன்று தென்பெண்ணை. நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வரும் பெங்களூரின் கழிவுநீரையும் ஏந்திக்கொண்டு, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அணையில் பொங்கும் வெண்ணுரை அடிக்கடி செய்தியாகிறது. ஆனால் நுரைக்குக் காரணம் பெரும்பாலும் சோப்புப் பொருள்கள். உலோகம் நுரைப்பதில்லை, வண்டலோடு அடியில் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் மாசை வைத்துத் தெரியாததை அளக்க முடியாது.

நீரிலிருந்து நிலத்துக்கு உலோகம் ஏற இரு வாசல்கள் உண்டு: பாசனம், வயலுக்கு அள்ளும் ஏரி வண்டல். அங்கே ஒவ்வோர் உலோகமும் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. காட்மியத்தைப் பயிர் எளிதில் உறிஞ்சும். ஈயம் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கும். மேயும் விலங்கு புல்லோடு மண்ணையும் விழுங்கும்போது உடலுக்குள் போகும். நீரில் கரைந்து ஓடும் அறுஇணைதிறன் குரோமியம், கரிமச் சேற்றில் நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவமாக மாறுவதும் உண்டு.

மண்புழு காட்மியத்தைத் திரட்டிவைக்கும். புழுவைத் தின்னும் மூஞ்சூறின் சிறுநீரகத்தில் அவ்வுலோகம் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் வெளியேறாமல் நிற்கும். மயிலும் கௌதாரியும் இரையை அரைக்கச் சிறுகற்களை விழுங்குவதால், அவற்றோடு உள்ளே போகும் ஈயத் துணுக்குகள் அரைப்பையில் தேய்ந்து இரத்தத்தில் கலக்கக்கூடும். ஈயம் கால்சியத்தைப் போல எலும்பில் ஒளிந்துகொள்ளும். முட்டையோட்டுக்காகப் பேடு எலும்பைக் கரைக்கும்போது மீண்டும் வெளிவரும். இரத்தச் சிவப்பணு உருவாக்கத்தையும் நரம்பையும் அது கெடுக்கிறது.

பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியே குளிர்காலத்தில் சானமாவுக் காடு வரை வரும் யானைகளுக்குக் கேழ்வரகு அறுவடைக் காலம் விருந்துக்காலம். நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் குடித்து, உப்புக்காக மண்ணையும் தின்னும் இவ்விலங்கு, நீர், பயிர், மண் ஆகிய மூன்று வழிகளையும் ஒன்றாகச் சந்திக்கிறது. அதைப் பிடிக்காமலே பாதிப்பை அறியச் சாணமும் உதிர்ந்த வால்மயிரும் உதவும். பறவைகளுக்கு உதிர்ந்த இறகு போதும். இரத்தம் பெரும்பாலும் அண்மைக்கால அளவைத்தான் காட்டும். மயிரும் இறகும் வளர்ந்த காலம் முழுவதையும் பதிந்துவைக்கும்.