விழுமியங்களின் புறவயத்தன்மை

கொடுமை தீயது என்பது, அப்படி நினைக்க ஒருவரும் இல்லாதபோதும் உண்மைதானா? ஆம் என்போர் புறவயவாதிகள். விழுமியங்கள் மனித மனத்தையோ மரபையோ சார்ந்தவை என்போர் அவர்களை மறுப்பவர்கள். அறவியலின் மிகப் பழைய வழக்குகளுள் இது ஒன்று.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் புரோட்டகோரஸ் மனிதனையே எல்லாவற்றுக்கும் அளவுகோலாக்கினார். பிளேட்டோ அதை மறுத்து, நன்மை மாறாத மெய்ப்பொருள் என்றார். அவருடைய ‘யூதிஃப்ரோ’ உரையாடல் எழுப்பும் வினா இன்னும் கூர்மையானது: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால்தான் விரும்புகின்றனவா? தெய்வ ஆணையைக் காட்டியும் இந்த வழக்கை முடித்துவிட முடியாது என்பதை அந்த வினா உணர்த்திவிட்டது.

டேவிட் ஹியூம் 1739–40இல் வெளியிட்ட நூலில், ஒரு கொலையின் விவரங்களை எவ்வளவு துருவினாலும் அதன் தீமை அங்கே தென்படாது, நம் உள்ளத்து வெறுப்பே தென்படும் என்று வாதிட்டார். இதற்கு மாறாக, காண்ட் 1785இல் அறத்தின் கட்டாயத்தைப் பகுத்தறிவிலேயே ஊன்றினார்.

ஜி. இ. மூர் 1903இல் நன்மையை இயற்கைப் பண்புகள் எதனாலும் விளக்க முடியாத தனிப் பண்பாகக் கொண்டார். ஏ. ஜே. அயர் 1936இல் நேர் எதிர்த் திசைக்குப் போனார்: அறக்கூற்றுகள் உணர்ச்சியின் வெளிப்பாடு; அவற்றில் மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. இந்தக் கருத்தை உலுக்கியது இன்னொரு நூலன்று, நாஜி வதைமுகாம்களின் படங்கள். 1945இல் அவற்றைப் பார்த்த மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட், இதைச் செய்தவர்களிடம் ‘எங்கள் உணர்ச்சி வேறு, உங்கள் உணர்ச்சி வேறு’ என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்னும் கொள்கையை ஏற்க மறுத்தார். அந்த மறுப்பிலிருந்தே தம் வாழ்நாள் ஆய்வைத் தொடங்கினார். 2001இல் வந்த ‘இயற்கை நன்மை’ அதன் கனி.

மறுப்பாளர் தரப்பின் மிக நேர்மையான குரல் ஆஸ்திரேலியரான ஜே. எல். மேக்கியுடையது. நாம் அறம் பேசும்போது புறவய உண்மையையே சொல்ல முனைகிறோம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அப்படியோர் உண்மை உலகில் இல்லாததால் அந்தப் பேச்சு முழுவதும் பிழை என்றார். 1977இல் வந்த அவரது நூல் இரு வாதங்களை முன்வைக்கிறது. சமூகத்துக்குச் சமூகம் அறநெறி வேறுபடுகிறது என்பது முதல் வாதம். இது வலுவற்றது, கருத்து வேறுபாடு இருப்பதாலேயே உண்மை இல்லை என்று ஆகிவிடாது. இரண்டாவதுதான் கடினம்: அறிந்த மாத்திரத்தில் நம்மைச் செயலுக்குத் தூண்டும் பொருள் ஒன்று உண்டென்றால், அது உலகின் வேறெந்தப் பொருளையும் போன்றதன்று, அதை அறிய நமக்கு எந்தப் புலனும் இல்லை. ஜான் மெக்டவல் 1985இல் நிறத்தைக் காட்டி விடை தேடினார்: நிறம் நம் பார்வையோடு தொடர்புடையது, ஆனாலும் அது நம் கற்பனையன்று; விழுமியமும் அத்தகையதே.

2006இல் ஷாரன் ஸ்ட்ரீட் பரிணாமத்தை வழக்குக்குள் கொண்டுவந்தார். நம் மதிப்பீடுகளைச் செதுக்கியது உயிர்பிழைக்கும் தேவை என்றால், அவை புறவய உண்மையோடு ஒத்துப்போவது தற்செயல்தானே என்று கேட்டார். கணித உண்மைகளையும் நாம் பரிணாமம் செதுக்கிய அதே மூளையைக் கொண்டே அறிகிறோம், அதனால் அவை ஐயத்துக்குரியவை ஆகிவிடவில்லை என்பது புறவயவாதிகள் தரும் மறுமொழிகளுள் ஒன்று.