டிவியின் முதுகு

தொலைக்காட்சியின் வரலாற்றைத் திரையில்தான் தேடுகிறோம். அதன் முதுகைப் பாருங்கள் என்பேன் நான்.

எங்கள் வீட்டுப் பழைய டிவியின் பின்னால் மூன்று காலங்கள் இருக்கின்றன. முதலாவது, ஏரியல் துளை. 1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் ஒளிபரப்பு தொடங்கியபோது அது ஒன்றுதான் வழி. நிலையம் அனுப்புவதை, அனுப்புகிற நேரத்தில் பார்க்க வேண்டும். ‘தமிழ்ப் படம் எப்ப போடுவாங்க?’ என்று காத்திருந்த தலைமுறை அது.

இரண்டாவது, மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். வீடியோ பிளேயரை மாட்டியதும் நேரம் வீட்டுக்காரர் கைக்கு வந்துவிட்டது.

மூன்றாவது, எச்டிஎம்ஐ. 2013இல் கூகுள் 35 அமெரிக்க டாலருக்குக் குரோம்காஸ்ட்டை விற்கத் தொடங்கியது. கைப்பேசியிலிருந்து படம் டிவிக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். யூடியூப் பார்க்கும்போது, எந்தப் படம் என்று கைப்பேசி சொல்வதோடு சரி. அதை இணையத்திலிருந்து எடுப்பது அந்தக் கருவிதான். டிவிக்குக் காட்டத் தெரிந்தால் போதும். ‘பழசாயிடுச்சு, தூக்கிப் போடு’ என்ற டிவிகள் பிழைத்தது இப்படித்தான்.

2019இல் மலேசியா அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியது. ஏரியலை மட்டும் நம்பியிருந்த பழைய டிவிகள் டிகோடர் இல்லாமல் ஊமையாயின. 2025 மார்ச்சிலோ, ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்டுகள் பல நாடுகளில் நின்றுபோயின. கூகுள் சரிசெய்யும்வரை வீட்டிலிருப்பவர் செய்ய எதுவுமில்லை.

காத்திருப்பு மறுபடி வந்துவிட்டது. 1963இல் எத்தனை மணிக்கு என்றாவது தெரிந்திருந்தது.