கார்ன்போர்த் இரயில் நிலையம்: வரலாறும் பணியும்

தோற்றுவாய்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் அவ்வூரின் கோயிலையோ கோட்டையையோ நாடிச் செல்வது வழக்கம். இங்கிலாந்தில் கடந்த இரு நூற்றாண்டுகளில் வளர்ந்த ஊர்கள் பலவற்றிற்கு இரயில் நிலையமே கோயிலும் கோட்டையுமாக அமைந்தது. ஊரை வளர்த்ததும் நிலையமே; ஊரின் ஏற்ற இறக்கங்களைத் தன் சுவர்களில் பதித்து வைத்திருப்பதும் நிலையமே. அத்தகைய ஊர்களுள் ஒன்று கார்ன்போர்த்.

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஸ்டர் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், மோர்கம் விரிகுடாவை அடுத்து இச்சிறு நகரம் அமைந்துள்ளது. இந்நிலையத்தின் வரலாறு மற்றை நிலையங்களின் வரலாற்றினின்றும் ஒரு வகையில் வேறுபடுகிறது. இருப்புப்பாதை இதனைத் தோற்றுவித்தது. விரைவு இதன் ஒரு பாதியைப் பறித்தது. எஞ்சிய பாதியைக் காத்து நிற்பது ஒரு கலைப்படைப்பு. கலையால் எதனைக் காக்க முடியும், எதனைக் காக்க முடியாது என்னும் வினாவிற்கு இந்நிலையம் ஒரு விடையாக விளங்குகிறது.

பாதை வந்த கதை

லங்காஸ்டரையும் ஸ்காத்லாந்தின் எல்லையை அடுத்த கார்லைல் நகரையும் இணைக்கும் பாதை 1844 ஆம் ஆண்டு தொடங்கி 1846 ஆம் ஆண்டு டிசம்பரில் முற்றுப்பெற்றது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையை வகுத்தவர் பொறியாளர் ஜோசப் லாக். பாதையை அமைக்கும் ஒப்பந்தத்தை ஏற்றவர்களுள் தலையாயவர் தாமஸ் பிராசி. இடையே குன்றுகள் குறுக்கிட்டன. குன்றைக் குடைந்து நெடிய சுரங்கம் அமைப்பதா, குன்றின்மேல் ஏறிக் கடப்பதா என்ற வினா எழுந்தபோது, லாக் ஏறிக் கடக்கும் வழியையே தேர்ந்தார். ஷாப் என்னும் உச்சியில் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தைப் பாதை எட்டுகிறது. செலவும் காலமும் மிச்சமாயின. அவ்வேற்றத்தின் துன்பத்தைப் பின்வந்த நீராவி எஞ்சின்கள் நூறாண்டுகளுக்கு மேல் சுமந்தன.

இப்பாதையின் தென்பகுதி 1846 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது தோன்றியதே கார்ன்போர்த் நிலையம். அண்டையிலிருந்த சிற்றூரின் பெயரையும் சேர்த்துக் கார்ன்போர்த்-யீலண்ட் என்று முதலில் வழங்கப்பட்டது. 1864 முதல் கார்ன்போர்த் என்ற பெயரே நிலைத்தது.

ஊருக்கு ஒரு நிலையம் என்ற அளவில் இருந்த இதனைச் சந்திப்பு நிலையமாக உயர்த்தியது 1857 ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பாதையாகும். அதற்குமுன், லங்காஸ்டர் பக்கத்திலிருந்து மேற்கேயுள்ள பர்னஸ் பகுதிக்குச் செல்வோர் கடல் வற்றும் பொழுது பார்த்து விரிகுடாவின் மணற்பரப்பைக் குதிரை வண்டிகளில் கடந்தனர். புதைமணலும் விரைந்தேறும் கடல் நீரும் உயிரைப் பறிக்கும் இடம் அது. வழிகாட்டுவதற்கென்றே அரசால் அமர்த்தப்பட்டவர் இருந்தார். 1857 இல் கென்ட், லெவன் என்னும் இரு கழிமுகங்களின்மீதும் பொறியாளர் ஜேம்ஸ் பிரன்லீஸ் பாலங்களை அமைத்தார். ஆழ்ந்த மணலில் தூண்களை நிறுத்துவது எளிதன்று. குழாய் வழியே நீரை விசையுடன் பாய்ச்சி, மணலை இளக்கி, இரும்புத் தூண்களை இறக்கும் முறையை அவர் கையாண்டார். கடலின் கருணையை எதிர்நோக்கியிருந்த பயணம் கால அட்டவணைக்குள் வந்தது.

மூன்றாம் பாதை 1867 இல் வந்தது. பர்னஸ் நிறுவனமும் மிட்லண்ட் நிறுவனமும் கூட்டாக அமைத்த இப்பாதை, கிழக்கே வென்னிங்டன் வழியாக யார்க்ஷயரின் லீட்ஸ் நகரோடு கார்ன்போர்த்தை இணைத்தது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் துறைமுகத்திற்குச் செல்லும் கப்பல்களைப் பிடிக்க விரைந்த பயணிகளின் வண்டிகளும் இவ்வழியே பாரோ கடற்கரைக்குச் சென்றன. 1904 இல் ஹீஷம் துறைமுகம் திறக்கப்பட்டபின் அப்போக்குவரத்து அங்கு மாறியது.

மும்முனைச் சந்திப்பு

முக்கிய நெடும்பாதையை நடத்திய லண்டன் மற்றும் வடமேற்கு நிறுவனம், பர்னஸ் நிறுவனம், மிட்லண்ட் நிறுவனம் ஆகிய மூன்றும் இங்குக் கூடின. மூன்று நிறுவனங்களுக்கும் மூன்று தனித்தனி எஞ்சின் கொட்டில்கள் இருந்தன. பர்னஸ் பகுதியின் சுரங்கங்களிலிருந்து செந்நிற இரும்புத் தாது வந்தது. டர்ஹம் பகுதியிலிருந்து கல்கரி வந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரும்பு உருக்காலை எழுந்தது. பயிர்த்தொழிலை நம்பியிருந்த சிற்றூர், தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த நகரமாயிற்று. 1880 ஆம் ஆண்டையொட்டி நிலையமும் விரிவாக்கப்பட்டது.

1923 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இரயில் நிறுவனங்கள் நான்கு பெருங்குழுக்களாக ஒன்றிணைக்கப்பட்டபோது, கார்ன்போர்த்தின் மூன்று நிறுவனங்களும் ஒரே குழுவிற்குள் அடங்கின. 1944 இல் மூன்று கொட்டில்களுக்கு மாற்றாகப் பெரிய எஞ்சின் கொட்டில் ஒன்று அமைந்தது. 1948 இல் நாட்டுடைமையாக்கம் வந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, எவரும் எதிர்பாராத விருந்தினர் சிலர் இந்நிலையத்திற்கு வந்து சென்றிருந்தனர்.

திரைப்படம் கண்ட நிலையம்

இரண்டாம் உலகப் போர் முடிவுறாத 1945 பிப்ரவரி மாதம். நோயல் கவர்ட் 1936 இல் எழுதிய ஓரங்க நாடகத்தைத் தழுவி, 'பிரீப் என்கவுண்டர்' என்னும் படத்தை இயக்கத் தொடங்கினார் டேவிட் லீன். கதை நிகழும் இடம் மில்போர்ட் சந்திப்பு என்னும் கற்பனை நிலையம். இரவில் விளக்கொளியில் படம் எடுத்தாக வேண்டும். வான்தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகளை மறைத்து வாழ்ந்த காலம் அது. தென்கிழக்குக் கடற்கரையினின்றும் பெருநகரங்களினின்றும் வெகு தொலைவில் இருந்ததால், பகைவர் வானூர்தி வருமாயின் செய்தி முன்கூட்டியே எட்டும். விளக்குகளை அணைக்கப் போதிய நேரம் இருக்கும். இக்காரணத்தால் கார்ன்போர்த் தெரிந்தெடுக்கப்பட்டது. பயணிகளுக்கு இடையூறு நேராவண்ணம் இரவு பத்து மணி முதல் விடியற்காலை ஆறு மணி வரை படப்பிடிப்பு நடந்தது.

இல்லறத்தில் அமைந்த ஒரு பெண். மணமான ஒரு மருத்துவர். விரைந்து செல்லும் வண்டியின் கரித்தூள் அவள் கண்ணில் விழ, அதனை அவர் எடுத்து விடுகிறார். வியாழக்கிழமைகளில் நிலையத்தின் சிற்றுண்டி அறையில் சந்திப்பு தொடர்கிறது. அன்பு முகிழ்க்கிறது, கடமை தடுக்கிறது. இறுதியாகப் பிரியும் வேளையில் அவளுக்கு அறிமுகமான பெண் ஒருத்தி வந்தமர்ந்து ஓயாது பேசத் தொடங்க, விடைபெறும் சொல் ஒன்றும் கூற இயலாமல் அவள் தோளில் கைவைத்து அழுத்திவிட்டு அவர் அகல்கிறார். சீலியா ஜான்சனும் டிரெவர் ஹவார்டும் நடித்த இப்படம் 1946 இல் கான் திரைப்பட விழாவின் பெரும்பரிசைப் பெற்ற படங்களுள் ஒன்றாயிற்று. 1999 இல் பிரித்தானியத் திரைப்படக் கழகம் நடத்திய வாக்கெடுப்பில், பிரித்தானியத் திரைப்படங்களின் வரிசையில் இரண்டாம் இடம் பெற்றது.

அகத்திணை மரபில் பயின்றார்க்கு இப்படத்தின் நுட்பம் எளிதில் விளங்கும். முதற்பொருளாவது நிலமும் பொழுதும். இங்கு நிலம் நடைமேடை. பொழுதைச் சுட்டுவது அதன்மேல் தொங்கும் கடிகாரம். சீழ்க்கையொலியும் நீராவியும் தேநீர்க் கோப்பையும் கருப்பொருள்கள். உரிப்பொருள் பிரிவு. எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இரு வண்டிகளுக்காகக் காத்திருக்கும் இருவரின் கதையை ஒரு சந்திப்பு நிலையத்திலன்றி வேறெங்கும் அமைத்தல் அரிது. கார்ன்போர்த்தின் பெயர் படத்தில் இல்லை. ஆயினும் வழிகாட்டும் பலகைகளில் லீட்ஸ், மோர்கம் முதலிய வடபகுதி ஊர்ப்பெயர்கள் தென்பட்டு, உண்மை நிலம் எதுவென்று காட்டிக் கொடுக்கின்றன.

பாதி இழந்த நிலை

1963 இல் டாக்டர் பீச்சிங்கின் அறிக்கை வெளியாயிற்று. வருவாய் குன்றிய பாதைகளையும் நிலையங்களையும் மூடுமாறு அவ்வறிக்கை பரிந்துரைத்தது. 1968 இல், லங்காஸ்டர்க்கும் கார்லைலுக்கும் இடையே ஊர்தோறும் நின்று சென்ற வண்டிகள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரித்தானிய இரயில்வேயின் வழக்கமான நீராவி வண்டிப் போக்குவரத்து முடிவுற்றது. இறுதிவரை நீராவி எஞ்சின்களைப் பேணிய மூன்று கொட்டில்களுள் கார்ன்போர்த்தும் ஒன்று. மூடப்பட்ட அக்கொட்டில் பின்னர் நீராவி எஞ்சின் காட்சியகமாக விளங்கிற்று. பொதுமக்கள் வருகை முடிவுற்ற பின்னரும் பழைய எஞ்சின்களைப் பழுதுபார்த்து இயக்கும் பணிமனையாகத் தொடர்கிறது.

1970 இல் நிலையத்திற்குப் பேரிடி விழுந்தது. நெடும்பாதையை ஒட்டிய நடைமேடைகள் மூடப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்டன. 1974 இல் மின்மயமாகி, லண்டனையும் கிளாஸ்கோவையும் இணைத்த அப்பாதையில் வண்டிகள் முன்னிலும் விரைந்தன, கார்ன்போர்த்தில் நிற்கவில்லை. எந்தப் பாதை ஊரைத் தோற்றுவித்ததோ அந்தப் பாதையே ஊரைக் கண்டும் காணாமல் செல்லலாயிற்று. கட்டடங்கள் பாழடைந்தன. காதலர் பார்த்த கடிகாரமும் இடம்பெயர்ந்தது.

மீட்பும் புதுவாழ்வும்

நிலையத்தை மீட்க 1990களில் உள்ளூர் மக்கள் முன்வந்து ஓர் அறக்கட்டளை அமைத்தனர். அவர்கள் கையில் இருந்த பெருஞ்செல்வம் ஒரு பழைய திரைப்படத்தின் நினைவே. தொலைந்த கடிகாரம் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, செப்பனிடப்பட்டு, பழைய இடத்தில் மாட்டப்பட்டது. 2003 அக்டோபரில் மரபு மையமும் சிற்றுண்டி அறையும் திறக்கப்பட்டன.

சிற்றுண்டி அறையின் கதை தனியே எண்ணத்தக்கது. படத்தில் காணும் அறை கார்ன்போர்த்தில் எடுக்கப்பட்டதன்று. இந்நிலையத்து அறையை முன்மாதிரியாகக் கொண்டு படப்பிடிப்பு நிலையத்தில் அமைக்கப்பட்டது. மெய்யான அறை அழிந்தபின், திரையில் தோன்றிய போலி அறையைப் பார்த்தே மெய்யான அறையை மீண்டும் அமைத்தனர். வாழ்விலிருந்து கலை கடன் பெற்றது. வாழ்வு வறுமையுற்ற காலத்தில் கலை அக்கடனைத் திருப்பித் தந்தது.

இன்றைய பணிகள்

எஞ்சிய இரு நடைமேடைகளும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. 2020 மார்ச் முதல் அரசின் பொறுப்பில் இயங்கும் நார்தர்ன் நிறுவனத்தின் வண்டிகள் இங்கு நிற்கின்றன. மேற்கே ஆர்ன்சைட், கிரேஞ்ச், அல்வர்ஸ்டன் வழியாக பாரோவிற்கும், தெற்கே லங்காஸ்டர்க்கும், கிழக்கே பென்தம், ஸ்கிப்டன் வழியாக லீட்ஸுக்கும் பயணம் செய்யலாம். கடற்கரைப் பாதை வண்டிகளுள் சில மான்செஸ்டர் வானூர்தி நிலையம் வரை செல்கின்றன. லீட்ஸ் வண்டிகள் நாளொன்றுக்குச் சிலவே. படத்தில் காணும் சரிவுச் சுரங்க நடைபாதை வழியாகவே மக்கள் ஒரு மேடையினின்று மற்றொன்றிற்குச் செல்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளும் பணிக்குச் செல்வோரும் முதியோரும், காதலர் நின்ற இடத்தைக் காண அயல்நாடுகளிலிருந்து வருவோரும் அப்பாதையில் எதிர்ப்படுகின்றனர்.

ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. நெடும்பாதை வழியே வடக்கே கார்லைலுக்குச் செல்ல விரும்பும் கார்ன்போர்த் வாசி, முதலில் தெற்கே லங்காஸ்டர்க்குச் செல்ல வேண்டும். அங்கு வண்டி மாறி, தம் ஊர் நிலையத்தையே நில்லாமல் கடந்து வடக்கே போக வேண்டும். நெடும்பாதை நடைமேடைகளை மீண்டும் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்தும் நிறைவேறவில்லை. ஒரு வண்டி இங்கு நின்றால் பின்வரும் விரைவு வண்டிகள் தாமதப்படும் என்பது மறுப்போர் கூறும் காரணம். விரைவின் கணக்கில் சிற்றூரின் தேவை சிறு எண்ணாகிவிடுகிறது.

நிறைவாக

கார்ன்போர்த்தின் வரலாற்றைத் தொகுத்து நோக்கின் கலையின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே புலப்படுகின்றன. எண்பத்தாறு நிமிடம் ஓடும் ஒரு திரைப்படம், இடிபட இருந்த சுவர்களை நிற்கச் செய்தது. தொலைந்த கடிகாரத்தைத் தேடச் செய்தது. ஊர் மக்களுக்குத் தம் ஊரின்மேல் பெருமிதம் தந்தது. ஒரு வண்டியை நிறுத்த மட்டும் அதனால் இயலவில்லை. அது கலையின் தொழிலன்று, ஆள்வோரின் தொழில். கலை நினைவைக் காத்துத் தரும். அந்நினைவைத் துணைக்கொண்டு உரிமையைக் கேட்டுப் பெறுவது மக்களின் கடன்.

படைப்பாளர் இதனால் மனம் தளர வேண்டுவதில்லை. பயன் கருதிக் கட்டப்பட்டவை பயன் தீர்ந்ததும் கைவிடப்படுகின்றன. உருக்காலை போயிற்று, மூன்று நிறுவனங்களும் போயின, நீராவியும் போயிற்று. போர்க்கால இரவுகளில் நடுங்கும் குளிரில் எடுக்கப்பட்ட சில காட்சிகள் நின்றன. அவற்றின் துணையால் நடைமேடையில் இன்றும் அக்கடிகாரம் நேரம் காட்டுகிறது. வேலிக்கு அப்பால் கிளாஸ்கோ வண்டி நில்லாது விரைகிறது; வேலிக்கு இப்பால் பாரோ வண்டிக்காக ஒருவர் காத்திருக்கிறார். காத்திருப்பவர் உள்ளவரை அது நிலையமே.